ஒரே மண்ணில் இரண்டு வீடுகள்



அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளின் வீட்டையும் அன்றாட வாழ்வையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இந்தப் பாடம் பெரும்பாலும் மரக்கட்டை வீட்டின் படத்தோடு தொடங்கிவிடுகிறது. நெப்ராஸ்கா சமவெளியில் மரம் அரிது என்று முதலில் சொல்லிப் பாருங்கள். "அப்போ எதை வைத்துக் கட்டினார்கள்?" என்று பிள்ளையே கேட்கும்.

புல்வேர் பின்னிக் கிடந்த நிலத்தைக் கலப்பையால் பட்டை பட்டையாகப் பெயர்த்து, சுமார் 3 அடி நீளப் பாளங்களாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினார்கள். 16 அடிக்கு 20 அடி வீட்டுக்கு பெருமளவு நிலத்தின் மேல்மண் போய்விடும். கோடையில் உள்ளே குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. மழைதான் கொடுமை: வானம் வெளுத்த பிறகும் கூரை சேறாய்ச் சொட்டும். உதிரும் மண் சோற்றில் விழாமலிருக்க, கூரைக்கு அடியில் பெண்கள் துணி கட்டினார்கள். விறகுக்குப் பதில் காய்ந்த காட்டெருமைச் சாணம். அதுவும் தீர்ந்தபின் முறுக்கிய புல். வரட்டி தட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

புகைப்படக்காரர் சாலமன் புட்சர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுன்டியில் இந்தக் குடும்பங்களைப் படமெடுத்தார். ஒரு படத்தில் வீடே இல்லை. வெட்டவெளியில் ஓர் ஆர்கன் இசைப்பெட்டி, சுற்றிலும் குடும்பம். படத்தைப் பார்க்கும் உறவினர் கண்ணில் மண்வீடு படக் கூடாது, இசைப்பெட்டி பட வேண்டும் என்பது அந்த வீட்டுப் பெண்மணியின் விருப்பம். நூறு வரிப் பாடத்தைவிட இந்த ஒரு படத்தை நான் நம்புகிறேன். அவள் பட்ட கூச்சம் பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தம். 'இலவச நிலம்' என்றே வகுப்பில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே நெப்ராஸ்காவின் ஆற்றங்கரைகளில், அவர்களுக்கு முன்பே, பானி என்னும் பூர்வகுடி மக்கள் மரச்சட்டத்தின்மேல் புல்லும் மண்ணும் போர்த்திய பெரிய வட்ட வீடுகளில் வாழ்ந்திருந்தார்கள். 1870களில் பானி மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 1935ஆம் ஆண்டு நூலில் வரும் கான்சஸ் வீடும் ஓசேஜ் மக்களின் நிலத்தில் எழுந்ததுதான். அந்த நூலை வகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை; பக்கத்தில் நிலப்படத்தை விரித்து வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

புட்சருக்கு முன்பே வில்லியம் ஹென்றி ஜாக்சன் பானி ஊர் ஒன்றைப் படமெடுத்திருக்கிறார். அதையும் அந்த இசைப்பெட்டிப் படத்தையும் திரையில் அருகருகே போடச் சொல்லியிருக்கிறேன். முதல் அமர்வு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.