மழை நின்ற மறுநாள் யார் வந்து பார்க்கிறார்?



வாஷிங்டன் நகரின் கிழக்கே அனகோஸ்டியா என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில், மேரிலாந்துப் பக்கம், பிளேடன்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. 1742-ல் உருவான அந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம். கடல் கடக்கும் கப்பல்கள் அங்கே வந்து புகையிலை ஏற்றிக்கொண்டு போயின. இன்றைக்கு அங்கே போனால் சிறு படகுகளைத்தான் பார்க்க முடியும். காட்டை வெட்டினார்கள், புகையிலை நட்டார்கள், மேட்டு மண் மழையோடு இறங்கி வந்தது, சில தலைமுறைகளுக்குள் துறைமுகம் தூர்ந்துவிட்டது. விஷம் எதுவும் கலக்கவில்லை, ஆலை எதுவும் கழிவு விடவில்லை. வெறும் மண்தான் ஒரு துறைமுகத்தை மூடியது.

புகையிலைக் காலம் முடிந்தும் மண் இறங்குவது நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாஷிங்டனும் பால்டிமோரும் புறநகர்களாகப் பரந்தன. வயல்களும் தோப்புகளும் வீட்டுமனைகளாயின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறுகளை ஆராய்ந்துவந்த கார்டன் வோல்மன், ஆஷர் ஷிக் என்பவரோடு சேர்ந்து, வீடு கட்டும் இடங்களிலிருந்து எவ்வளவு மண் ஓடைகளில் சேர்கிறது என்று கணக்கெடுத்தார். 1967-ல் அந்தக் கணக்கு வெளிவந்தது. மேரிலாந்தின் கிராமப்புறங்களில் சதுர மைலுக்கு ஆண்டொன்றுக்கு 200 முதல் 500 டன் மண் போகிறது. கட்டுமானம் நடக்கும் நிலத்தில் அது பல ஆயிரம் டன், உச்சமாக 1,40,000 டன்! அந்த அளவுகள் வெளிவந்து மூன்றே ஆண்டில், 1970-ல், மேரிலாந்து மாநிலம் வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? காட்டில் மழைத்துளி நேராக மண்ணைத் தொடுவதில்லை. இலை தாங்குகிறது, சருகு தாங்குகிறது, வேர் பிடித்துவைக்கிறது. புல்டோசர் இறங்கிய மனையில் இந்த மூன்றும் இல்லை. மேல்மண்ணை வழித்து ஓரத்தில் குவித்திருப்பார்கள். அடிமண் லாரிச் சக்கரத்தில் இறுகி, தண்ணீரை உள்ளே விடாமல் கிடக்கும். பெய்வதெல்லாம் ஓடும், ஓடுவதெல்லாம் அரிக்கும். காட்டு நிலத்தைப்போல் ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கு மண் கட்டுமான இடத்திலிருந்து போகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. சொல்கிறது. மணல் துகள் நொடிகளில் அடியில் தங்கிவிடும். களிமண் துகள் அப்படியில்லை. ஒரு மீட்டர் ஆழம் இறங்க அதற்கு நாள்கணக்காகும். அதற்குள் ஓடும் தண்ணீர் அதை வெகுதூரம் இழுத்துப் போய்விடும்; இப்பகுதி ஆறுகள் போய்ச் சேருமிடம் செசபீக் விரிகுடா. அங்கே அது நீரடிப் புல்லுக்கு வெயிலை மறைக்கும், சிப்பிகளை மூடும். அந்த விரிகுடாவுக்குத் தண்ணீர் அனுப்பும் ஆறு மாநிலங்களும் வாஷிங்டனும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் இறக்கலாம் என்று 2010 டிசம்பரில் ஈ.பி.ஏ. ஒரு வரம்பு வைத்தது: 645 கோடி பவுண்டு. வரம்பே இது என்றால், பிரச்சினையின் பருமனை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதிபர் நிக்சன் மறுத்து அனுப்பினார். நாடாளுமன்றம் அந்த மறுப்பைத் தள்ளி நிறைவேற்றியது. 1987-ல் மழைநீரையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1990-ல் ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் தோண்டுகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி பிறந்தது. 2003 முதல் அது ஓர் ஏக்கராக இறங்கியது. பெரும்பாலான மாநிலங்கள் தாங்களே அனுமதி தருகின்றன. வாஷிங்டன் நகரம், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூ மெக்சிகோ போன்ற சில இடங்களில் ஈ.பி.ஏ. நேரடியாகத் தருகிறது.

இந்த அவையில் புது வீடு வாங்கியவர்கள், மனை வாங்கிக் கட்டப்போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். கால் ஏக்கர்தானே, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் கால் ஏக்கர் ஐம்பது வீடுகள் கொண்ட ஒரு பெரிய லேஅவுட்டின் பகுதி என்றால் விதி அதையும் பிடிக்கும். பெருந்திட்டத்தைத் துண்டுதுண்டாகக் காட்டித் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குக் களம் தெரிந்திருக்கிறது.

அனுமதி எப்படி நடக்கிறது? மண்ணைத் தொடுவதற்கு முன்பே மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டும். வேலை செய்பவர்கள் அதை ‘ஸ்விப்’ என்பார்கள். எங்கே சரிவு, தண்ணீர் எந்த மூலையில் வெளியேறும், எங்கே சில்ட் ஃபென்ஸ் எனும் துணிவேலி, எங்கே வண்டல் குட்டை, சிமென்ட் லாரியை எங்கே கழுவுவது, எல்லாம் அதில் இருக்கும். ஈ.பி.ஏ. அனுமதியில், வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் விண்ணப்பம் போக வேண்டும். ஓடையோ ஆறோ அருகில் இருந்தால் கரையோரம் 50 அடிக்குச் செடிகொடியைத் தொடாமல் விட வேண்டும், அல்லது அதற்கு ஈடான பாதுகாப்பு செய்ய வேண்டும். ஓரிடத்தில் வேலை 14 நாளோ அதற்கு மேலோ நிற்கப்போகிறது என்றால் உடனே விதை தூவி, வைக்கோல் பரப்பி மண்ணை மூடத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதி மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தது. கிளம்பிவிட்ட களிமண்ணை எந்தத் துணியாலும் முழுதாகப் பிடிக்க முடியாது. கிளம்பவிடாமல் இருந்தால்தான் உண்டு.

திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. பளபளவென்று பைண்ட் போட்ட கோப்பு தள அலுவலகத்தின் அலமாரியில் நிற்கும். வெளியே என்ன நடக்கும்? தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவர் வழி வேண்டும் என்று வேலியைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டுப் போவார். குழாய் பதிக்க வந்த துணை ஒப்பந்தக்காரருக்கு அந்த வேலி எதற்கு என்றே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிமென்ட் கழுவும் குழியின் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து, மீனைக் கொல்லும் காரத் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். காகிதத்துக்கும் களத்துக்கும் நடுவில் நிற்பது ஒன்றே ஒன்று: ஆய்வு. பயிற்சி பெற்ற ஒருவர், காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி, எல்லையைச் சுற்றி நடந்து பார்ப்பது.

அவர் பார்க்க வேண்டியவை விதியிலேயே இருக்கின்றன. வேலியின் பாதி உயரத்துக்கு வண்டல் ஏறுவதற்குள் அள்ளியாக வேண்டும். லாரிச் சக்கரம் சாலைக்கு இழுத்துவந்த மண்ணை அன்று மாலைக்குள் எடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் இடத்தில் நின்று நிறம், வாடை, நுரை, எண்ணெய்ப் படலம் எல்லாம் பார்த்து எழுத வேண்டும். நடந்து முடித்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை முடிய வேண்டும். குறை இருந்தால் சின்னதை அடுத்த வேலை நாளுக்குள்ளும், புதிதாகக் கட்டவோ மாற்றவோ வேண்டியதை ஏழு நாளுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும்.

எப்போது நடக்க வேண்டும்? இங்கேதான் ஈ.பி.ஏ. அனுமதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது இரண்டு வழி தருகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை நடக்கலாம். அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும், கால் அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் நடக்கலாம். முதல் வழியைத் தேர்ந்த ஒரு தளத்தை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை நடந்தார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று அங்குலம் கொட்டியது. வேலி சாய்ந்தது, குட்டை உடைந்தது. மழைக்காக யாரும் எழுந்து வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் அந்த வழியில் இல்லை. அடுத்த ஆய்வு அடுத்த திங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன நீர்நிலைகளுக்கும் மிகத் தூய்மையானவற்றுக்கும் இரண்டு கணக்கையும் சேர்த்தே கேட்கிறது இதே அனுமதி. மற்ற ஓடைகள் என்ன பாவம் செய்தன? மேரிலாந்தின் அனுமதி வாரம் ஒருமுறையும் கேட்கிறது, தண்ணீர் ஓடும் அளவுக்கு மழை பெய்த மறுநாளும் கேட்கிறது. அதுதான் சரி. அரிப்பு காலண்டரைப் பார்த்து வருவதில்லை.

ஆய்வுக்கு இவ்வளவு கனம் கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 2009 டிசம்பரில் ஈ.பி.ஏ. ஒரு துணிச்சலான விதி கொண்டுவந்தது. பெரிய தளங்களிலிருந்து வெளியேறும் தண்ணீரின் கலங்கலை அளக்க வேண்டும், அது என்.டி.யு. என்ற அலகில் 280-ஐத் தாண்டக் கூடாது என்றது. வீடு கட்டும் நிறுவனங்களின் சங்கங்கள் வழக்குப் போட்டன. அந்த எண்ணைக் கணக்கிட்ட விதத்தில் பிழை இருந்ததை முகமையே ஒப்புக்கொண்டது. அந்த எண் வரம்பு நிறுத்திவைக்கப்பட்டு, 2014-ல் நீக்கப்பட்டது. இன்றைக்கு, அடித்தள நீரை இறைத்து வெளியேற்றும் சில இடங்களைத் தவிர, ஈ.பி.ஏ. அனுமதியில் கலங்கலுக்கு அப்படிப்பட்ட எண் கிடையாது. மனிதக் கண்தான் அளவுகோல். அந்தக் கண் அலுவலக அறைக்குள் உட்கார்ந்துகொண்டு படிவத்தை நிரப்பினால், சட்டம் முழுவதும் வீண்.

வீணாகிய கதைகள் பதிவில் இருக்கின்றன. வால்மார்ட் நிறுவனம் 2001-ல் நான்கு மாநிலங்களில் தன் கடைக் கட்டுமானங்களில் நடந்த மழைநீர் விதிமீறலுக்காகப் பத்து லட்சம் டாலர் கட்டியது. மூன்று ஆண்டு கழித்து, 2004-ல், ஒன்பது மாநிலங்களில் 24 தளங்களுக்காக மறுபடியும் 31 லட்சம் டாலர். அந்த இரண்டாவது உடன்பாடு பணத்தோடு நிற்கவில்லை. தகுதி பெற்ற ஆட்களை வைத்து மேற்பார்வை, பயிற்சி, அடிக்கடி ஆய்வு என்று நிறுவனத்தின் நடைமுறையையே மாற்றச் சொன்னது. 2008-ல் ஹோம் டிப்போ 28 மாநிலங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களுக்காக 13 லட்சம் டாலர் கட்டியது. அதே ஆண்டு சென்டெக்ஸ், கேபி ஹோம், பல்ட்டி, எம்.டி.சி. ஆகிய நான்கு வீட்டுக் கட்டுமான நிறுவனங்கள் சேர்ந்து 43 லட்சம் டாலர் கட்டின. இவை சிறு மேஸ்திரிகள் அல்ல. பொறியாளர் பட்டாளமும் வழக்கறிஞர் பட்டாளமும் வைத்திருக்கும் நிறுவனங்கள். விதி தெரியாமல் இது நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்றைக்குச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 60,000 டாலருக்கு மேல். ஆனால் அபராதம் விதிக்க யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும். மேரிலாந்து விதிப்படி ஒவ்வொரு தளத்தையும் அரசு ஆய்வாளர் சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இருக்கும் ஆட்கள் போதாவிட்டால் அந்தச் சராசரி நழுவும். நழுவும் இடத்தைக் குடிமக்கள்தான் நிரப்ப முடியும். சட்டமும் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது: 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம் என்கிறது தூய நீர்ச் சட்டம்.

அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. தளத்தின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். ஈ.பி.ஏ. அனுமதி பெற்ற இடமென்றால் அதில் அனுமதி எண்ணும், தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண்ணும், மாசு கண்டால் யாரிடம் சொல்வது என்ற குறிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்த பெருமழை ஓய்ந்ததும், உங்கள் தெருமுனையில் வீடு எழும் இடத்தைக் கடந்து போகும்போது வண்டியை ஓரமாக நிறுத்திச் சாலைவிளிம்புச் சாக்கடையைப் பாருங்கள். தண்ணீர் செங்காவியாக ஓடினால், தளத்துக்குள் நுழையாமல் தெருவில் நின்றபடியே தேதி, நேரம் தெரியப் படம் எடுங்கள். பலகையில் உள்ள எண்ணை முதலில் அழையுங்கள். பதில் இல்லையென்றால் மாண்ட்கோமரி கவுண்டியிலும் வாஷிங்டனிலும் இருப்பவர்கள் 311-ஐ அழையுங்கள். தெளிவான ஒரு படமும் சரியான ஒரு முகவரியும் கையில் இருந்தால், ஆய்வாளருக்கு அது அரை வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாக இங்கே இருக்கும் பொறியாளர்களுக்கு. ஈ.பி.ஏ.யின் இப்போதைய பொது அனுமதி 2022 பிப்ரவரி 17 முதல் ஐந்தாண்டுக்கானது. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வரைவை மக்கள் கருத்துக்கு வைக்கிறார்கள். கட்டுமான நிறுவனங்கள் தவறாமல் எழுதுகின்றன. நீங்களும் எழுதுங்கள். எல்லா ஓடைக்கும் மழைக்குப் பிந்திய ஆய்வு கட்டாயமாக வேண்டும் என்று கேளுங்கள். மேரிலாந்தில் இது நடைமுறையில் இருப்பதை எடுத்துக்காட்டி, உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.