குழந்தை பேசும் மொழியைக் கேட்க ஆள் வேண்டும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாளையாறு, வண்டிப்பெரியாறு ஆகிய இரண்டு ஊர்ப் பெயர்களை நாம் தயங்காமல் உச்சரித்தாக வேண்டும்.

வாளையாற்றை அடுத்த அட்டப்பள்ளத்தில் 2017 ஜனவரி 13 அன்று 13 வயதுச் சிறுமி பிணமாகக் கிடந்தாள். அதே வீட்டில் மார்ச் 4 அன்று அவளுடைய 9 வயதுத் தங்கையும் பிணமாகக் கிடந்தாள். மூத்தவளின் உடற்கூறு அறிக்கையில் பாலியல் வன்கொடுமைக்கான அறிகுறிகள் இருந்தன. ஆயினும் இடைப்பட்ட ஐம்பது நாட்கள் வீணாயின. விசாரணை நீதிமன்றம் 2019-இல் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2021 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பின்னர் வழக்கு சிபிஐ வசம் சென்றது. பெற்றோரும் தகவலை மறைத்தார்கள் என்று 2025-இல் சிபிஐ அவர்களையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. அதன் உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும்; அத்தாயின் போராட்டத்தை எடைபோடும் தகுதி எனக்கில்லை.

வண்டிப்பெரியாற்றில் 2021 ஜூன் 30 அன்று, தேயிலைத் தோட்ட லயத்தில் ஆறு வயதுக் குழந்தை இறந்து கிடந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்தனர். பெருந்தொற்றினால் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. கைதான அண்டை வீட்டு இளைஞரைக் கட்டப்பனை நீதிமன்றம் 2023 டிசம்பரில் விடுவித்தது. புலனாய்வின் குறைகளையும் அது சுட்டிக்காட்டியது. அவர் இடதுசாரி இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர் என்பது அன்று பெரும் அரசியல் விவாதமாயிற்று. இரு சம்பவங்களும் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்தவை. எதிரிகள் இதைச் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் வாய்மூடி இருக்கலாகாது.

"தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று நாம் குழந்தைகளிடம் கூறி வருகின்றோம். அது போதாது. ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமை செய்தோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. லயத்தில் சுவருக்கு அப்பால் இருப்பவரும் மாமா, சித்தப்பா, சேட்டன்தான். "பெரியவர் சொன்னால் கேள்" என்ற பாடத்தைக் குழந்தை பிசகாமல் கற்றிருக்கிறது. உறவினர் மடியில் உட்கார மறுக்கும் குழந்தையை "போய் உட்கார்" என்று தள்ளிவிடுபவர்களும் நாமே. மறுக்கலாம், அழலாம், ஓடலாம் என்பதையும், "அம்மாவிடம் சொல்லாதே" என்று எவர் கூறினாலும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும் மூன்று வயதிலேயே சொல்லத் தொடங்கலாம். அம்மாவிடம் சொல்ல இயலாவிடில் யாரிடம் சொல்வது என இன்னும் இருவரின் பெயர்களும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது என் தொழில் சார்ந்த செய்தி. மொழிபெயர்ப்பாளன் என்பதால் இது என் கண்ணில் படுகிறது. நம் வீடுகளில் மறைவுறுப்புகளுக்குக் குழந்தை கூசாமல் சொல்லத்தக்க பெயர் இல்லை. வசைச் சொல் உண்டு, அல்லது "அங்கே", "கீழே". இவ்வாறு வளர்ந்த தமிழ்க் குழந்தை, "மாமா சேட்டை பண்ணினார்" என்று காவலரிடம் கூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேட்டை மலையாளத்தில் "குசுருதி" ஆகும். கோப்பில் அது வெறும் குறும்பு. குழந்தை உண்மையைச் சொன்ன பிறகும் வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும். உறுப்புகளின் பெயரைக் கை, கால், மூக்கு போலவே கற்பியுங்கள். வெட்கப்படுவது நாம்தான், குழந்தை அல்ல.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தொழிற்சங்கத் தலைவரோ கிளைச் செயலாளரோ இரு குடும்பங்களையும் அழைத்து வைத்துச் சமரசம் பேசுவாராயின் அவரும் குற்றவாளியே. குற்றம் சாட்டப்பட்டவர் கட்சி உறுப்பினராயின், முதலில் தகவல் கொடுப்பவர்கள் நாமாக இருக்க வேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள், 1098-ஐ அழையுங்கள். வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறப்பட வேண்டும்; காவலர் சீருடையில் வரக்கூடாது.

பெண் தொழிலாளர் 50 பேர் இருந்தால் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. தாய் கொழுந்து பறிக்கையில் குழந்தை பூட்டிய லயத்தில் தனித்திருக்கிறதெனில், காப்பகக் கோரிக்கையும் இந்த வகுப்பின் பாடமே. சங்கங்கள் கூலிப் பேச்சில் இதை ஏன் கடைசி வரியில் வைக்கின்றன?

போக்சோ விதிகள் 2020-இன்படி ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் மொழிபெயர்ப்பாளர் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும். அதில் இடம்பெறப் பட்டம் தேவையில்லை. தாய்மொழியாகவோ, தொடக்கப்பள்ளிப் பயிற்று மொழியாகவோ, தொழிலினாலோ, அம்மொழி பேசும் இடத்தில் வசித்ததாலோ குழந்தையின் மொழியும் மாநில மொழியும் தெரிந்திருந்தால் போதும். என் முதுகலைப் பட்டத்தைவிட, சித்தூரிலும் பீர்மேட்டிலும் இரு மொழிகளையும் பேசி வளர்ந்த பெண் தோழர்களின் காது இதற்குப் பொருத்தமானது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அப்பதிவேட்டில் தமிழ் அறிந்தோர் எத்தனைபேர் உள்ளனர் என்று கேட்டு வாருங்கள். வகுப்பு முடிந்ததும், பதிவு செய்ய விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுங்கள். விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுப்போம்.