நுங்கம்பாக்கத்துப் புள்ளியும் சூளகிரிக் கல்லும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாகவே பேசுகிறேன். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புயல் வந்தால் டி.வி.யில் காட்டுவார்களே, அந்த வானிலை மைய வளாகத்தில்தான் மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டதால் பெயரும் 'ஆசியா'. வரிசையில் 67-ஆவது. பிறகு இங்கிருந்தே இன்னும் நாலு பிடித்தார். அவருக்குத் தெரிந்தது நகர்கிற ஒரு வெளிச்சப் புள்ளி. அது என்ன கல்லால் ஆனது? அதைச் சொல்ல அன்று வழியில்லை.

இப்போது ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள சூளகிரிக்கு வாருங்கள். 2008 செப்டம்பர் 12 அன்று அங்கே வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. நூறு கிலோவுக்கு மேல் கிடைத்தது. சோதித்ததில் 'எல்.எல்.' வகைக் காண்ட்ரைட், அதாவது இரும்பு குறைவான கல். பூமியில் விழுகிற விண்கற்களில் பெரும்பாலானவை காண்ட்ரைட்டுகள்தான்.

"விண்கல் என்பது குறுங்கோளின் துண்டு" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுவோம். விஞ்ஞானிகளுக்கோ அதில் பல வருஷத் தலைவலி. காண்ட்ரைட்டுக்குத் தாய்வீடு என்று நினைத்த 'எஸ்' வகைக் குறுங்கோள்கள் (நம்ம ஆசியாவும் இந்த வகைதான்) தொலைநோக்கியில் கொஞ்சம் சிவந்து தெரிந்தன. பிள்ளைக்கும் தாய்க்கும் முகஜாடை ஒத்துப்போகலை!

மெரினாவில் நாள் முழுக்க நின்றால் நாம் கறுத்துப்போவதில்லையா? அதுபோலத்தான். சூரியனிலிருந்து வரும் துகள்களும் நுண்கற்களும் ஓயாமல் மோதி, குறுங்கோளின் மேல்தோலில் இரும்பு மிக நுண்ணிய மணிகளாகப் படிந்து நிறத்தை மாற்றுகிறது என்று சிலர் சொன்னார்கள். நிரூபிக்க அங்கேயே போய் எடுத்து வரணுமே!

ஜப்பான்காரர்கள் போனார்கள். ஹயபுசா விண்கலம் 2005-ல் இடோகாவா என்ற எஸ் வகைக் குறுங்கோளில் இறங்கியது. மண் எடுக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. 2010 ஜூனில் வந்து சேர்ந்தது வெறும் தூசிதான், ஆயிரத்துச் சொச்சம் துகள்கள். அதுவே போதுமாக இருந்தது. உள்ளே எல்.எல். காண்ட்ரைட், மேலே அந்த இரும்புப் படலம்!

உடனே "சூளகிரிக் கல் இடோகாவாவிலிருந்து வந்தது" என்று எழுதிவிடாதீர்கள். வகைதான் ஒன்று. இடோகாவாவே பெரிய ஒன்று உடைந்து, துண்டுகள் மறுபடி சேர்ந்த குவியல். இன்ன கல் இன்ன குறுங்கோளுடையது என்று துணிந்து சொல்ல முடிவது அபூர்வம். 1996-ல் ராஜஸ்தானில் பிப்லியா கலானில் விழுந்த கல்லை வெஸ்டா குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

கல்லூரிச் சாலை வளாகத்தில் பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். மாணவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.