வழக்கு வேறு, தண்டனை வேறு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று பீன்யாவில் பட்டறை வேலைக்குப் போனாலும், எலக்ட்ரானிக் சிட்டியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும், முதலில் கேட்பது போலீஸ் சர்டிபிகேட். நம் பிள்ளைகள் பலர் அந்தப் படிவத்தைப் பார்த்த உடனேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். ஊரில் திருவிழாத் தகராறில் எப்போதோ பெயர் சேர்ந்திருக்கும். அல்லது மறியலில் கைதாகியிருப்பார்கள். முதலாளி எதைக் கேட்கலாம், கேட்டதை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் வக்கீல் அல்ல, ரயில்வே குமாஸ்தா.

தொழிலாளியைச் சந்தேகத்தோடு பார்ப்பது புதிய பழக்கமல்ல. வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் கோலார் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோரிடம் விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறை வந்தபோது, 1930-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கத்தில் உயிரைக் கொடுத்து உழைக்கிறவனிடம் எதற்காகத் திருடனுக்கு எடுப்பதுபோல் ரேகை எடுக்க வேண்டும்? 1871-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டமோ ஒரு சாதியில் பிறந்ததையே குற்றமாக்கியது. அது நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் தென்னக ரயில்வே வழக்கு ஒன்று உண்டு. ஒலவக்கோடு கோட்டத்தில் செல்லப்பன் என்ற பாயிண்ட்ஸ்மேன், 1972-ல் பிளாட்பாரத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகக் கைதானார். மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைச் சட்டப்படி விட்டுவிட்டார். நிர்வாகம் விடவில்லை, வேலையிலிருந்து நீக்கியது. 1975-ல் சுப்ரீம் கோர்ட் அந்த நீக்கம் செல்லாது என்றது. தண்டனை ஆயிற்று என்பதற்காக இயந்திரம் மாதிரி ஆளை நீக்கக் கூடாது, என்ன குற்றம், எந்தச் சூழ்நிலை என்று யோசிக்க வேண்டும் என்றது. தொழிலாளியை அழைத்துக் கேட்கவும் வேண்டும் என்றது. 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் அந்த 'அழைத்துக் கேட்பது' போய்விட்டது. யோசிக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. பாதி கிடைத்தது, பாதி பறிபோயிற்று!

2011-ல் டில்லி போலீஸ் வேலைக்கு மனுச் செய்த ஓர் இளைஞரின் வழக்கு வந்தது. பழைய அடிதடி வழக்கை, அது சமாதானமாகி முடிந்துவிட்டதால், மனுவில் எழுதவில்லை. இள வயதில் நடந்ததற்காக வாழ்நாள் முழுதும் முத்திரை குத்தக் கூடாது என்றது கோர்ட். அந்தத் தீர்ப்பில், ரொட்டி திருடிய ழான் வால்ழானையும் நீதிபதிகள் நினைவுகூர்ந்தார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கதை தெரியும்: 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படம். துரத்தும் இன்ஸ்பெக்டராக நடித்து 'ஜாவர்' என்ற பெயரைப் பெற்றவர் சீதாராமன். நம் படிவங்களுக்குப் பின்னால் நிற்பவரும் அந்த ஜாவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் வழிமுறை வகுத்தார்கள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். இதில் சலுகை இல்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று மறைத்த குற்றம் சுமத்த முடியாது. உனக்குத் தெரியாத வழக்கை மறைத்தாய் என்றும் சொல்ல முடியாது. இளம் வயதில் கோஷம் போட்டதற்காகத் தண்டனை பெற்றது போன்ற அற்ப விஷயங்களை, மறைத்திருந்தால்கூட, அதிகாரி மன்னித்து விடலாம். வேலை நிரந்தரமானவரை இலாகா விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது. பின்னர் 2022-ல், ரயில்வே பாதுகாப்புப் படையில் தேர்வாகி நீக்கப்பட்ட பவன்குமாருக்கும் இதே வழியில் நியாயம் கிடைத்தது.

சிறு வயதில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் கேட்கிறார்கள். 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவைச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குள் நடந்த தவறு பிற்கால வேலைக்குத் தடையாகாது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட, 16 வயது தாண்டியவர்கள் மட்டும் விலக்கு.

ஆனால் நான் இதுவரை சொன்ன தீர்ப்புகள் சர்க்கார் வேலைக்கானவை. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்த நேரான சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசுவாமி. அதன் பிறகு 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சம்பந்தமான காரியத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே விவரங்களைக் கையாள முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. வேலியிலேயே வாசல் வைத்துக் கொடுத்தது போல! அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது: வேலை தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் தண்டனையைப் பற்றிக் கேட்கலாம், அதுவும் குற்றத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருந்தால்தான் அதை வைத்து மறுக்கலாம். இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நம் சங்கம் கேட்க வேண்டும்.

காவல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-ம் வருஷத்துத் தனியார் காவல் நிறுவனச் சட்டம், கோர்ட்டில் தண்டனை பெற்றவரைக் காவலராக வைக்கக் கூடாது என்கிறது. நடத்தை விசாரணையும் உண்டு. ஆனால் அந்தத் தடை 'தண்டனை' பெற்றவருக்குத்தான். வழக்கு நிலுவையில் உள்ளவரெல்லாம் தண்டனை பெற்றவர் அல்ல. சூப்பர்வைசர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள்.

விடுதலையானவர்கள் தீர்ப்பின் நகலைக் கோர்ட்டில் வாங்கி வீட்டில் வையுங்கள். வழக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும் படிவத்தைப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்ல ஆள் இருக்கும்.