‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ – இளைஞர் அணி கூட்டத்தில் பேசியது

(ஞாயிறு மாலை கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, நண்பர்களுக்குப் பகிருங்க.)



டாஸ்மாக் பற்றி நாம பேசாத மேடை இல்ல. 2003-ல சில்லறை விற்பனையை அரசே எடுத்ததிலிருந்து வருமானக் கணக்கு வரை எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு கடையைப் பத்தி பேச வரல. கூட்டம் முடிஞ்சதும் பைக் எடுத்துட்டு கிளம்புற நம்மளைப் பத்தி பேச வந்திருக்கேன்.

காலேஜ் கடைசி வருஷம். பிராஜெக்ட் வைவா முடிஞ்ச ராத்திரி. ரூம்ல ஏழு பேர். யார் வேகமா முடிக்கிறாங்கன்னு ஒரு பந்தயம். நண்பன் ஒருத்தன் தண்ணி கலக்காம ராவா அடிச்சான். அரை மணி நேரத்துல மட்டை. மல்லாக்கப் படுக்க வச்சு, ஃபேன் போட்டு, கதவைச் சாத்திட்டு வந்துட்டோம். “தூங்கி எழுந்தா சரியாயிடும்”னு சொன்னது நான்தான்.

அவன் எழுந்திருக்கல. தூக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாயை அடைச்சிருக்கு. பேர் சொல்ல மாட்டேன். அவங்க அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்க.

அதுக்கப்புறம்தான் நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்க.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதுல 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமுக்கு மேல போனா அதை மிதமிஞ்சிய குடின்னு உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துது. நாம “ஒரு குவார்ட்டர்தானே தலைவா”ன்னு எதை ஆரம்பமா நினைக்கிறோமோ, அதுவே எல்லைக்கோடு. பீர்னா பரவாயில்லையா? 8 சதவீத ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில் ரெண்டு அடிச்சா 80 கிராம் தாண்டிடும்.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலையில தண்ணி, எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு ஆஃப் முடிச்சவன் ரத்தத்துல மறுநாள் மதியம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கலாம். “காலையில தெளிஞ்சிடுச்சு”ன்னு வண்டி எடுக்கிறது அதனாலதான் ஆபத்து. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். அபராதம் கட்டிடலாம். எதிரில் வந்தவர் உயிரை யார் கட்டுவது?

வேகமா குடிக்கும்போது இன்னொண்ணு நடக்குது. மட்டையான பிறகும், வயித்துல இருக்கிற சரக்கு ரத்தத்துல ஏறிட்டே இருக்கும். மூச்சையும் வாந்தி தொண்டைக்குள்ள போகாம தடுக்கிற அனிச்சையையும் கட்டுப்படுத்துற மூளைப் பகுதி மந்தமாகும். அதனால தூங்கிட்டான்னு நினைச்ச பிறகுதான் ஆபத்து கூடுது.

இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க:

👉 தட்டி எழுப்பியும் எழலையா, மூச்சு மெதுவா விட்டு விட்டு வருதா, உதடு நீலமாகுதா, உடம்பு சில்லுன்னு இருக்கா? உடனே 108.

👉 ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மல்லாக்க வேண்டாம்.

👉 தனியா விடாதீங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க.

👉 போலீஸ் வருமோ, வீட்டுக்குத் தெரியுமோன்னு யோசிக்காதீங்க. திட்டு வாங்கிக்கலாம்.

தினமும் குடிக்கிற அண்ணன்கள் ஒரே நாளில் நீங்களாவே நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்து நிறுத்துங்க. 14446-க்கு இலவசமா பேசலாம்.

கடைசியா ஒண்ணு. இனி நம்ம கிளை நிகழ்ச்சி எதிலும் சரக்கு கிடையாது. குடிச்சவன் கையில சாவி கிடையாது. சாவியைப் பிடுங்கினா கோபப்படுவான், படட்டும். மறுநாள் காலையில கோபப்பட அவன் உயிரோட இருப்பான்.

அன்னைக்கு அந்தக் கதவை நான் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். நீங்க திறந்து பாருங்க.