உயிரணுவின் காயமும் அது ஆறும் விதமும்

(வெள்ளி விழா மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கதிர் அரிவாள் பட்டுக் கை அறுபடாதவர் இந்த அவையில் மிகச் சிலரே இருப்பர். அக்காயம் கண்ணுக்குத் தெரியும். சில நாட்களில் ஆறியும் விடும். கண்ணுக்குத் தெரியாத காயமும் ஒன்று உண்டு. மூட்டை சுமந்து மேட்டிலிருந்து இறங்கும்போதும், விரைந்து ஓடும்போதும் நம் தசையிலுள்ள உயிரணுக்களின் சவ்வு ஆங்காங்கே கிழிகிறது. இது நோயினால் வருவதன்று, உழைப்பினால் வருவது. கிழிந்த உயிரணு தன்னைத் தானே எவ்வாறு செப்பனிட்டுக்கொள்கிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதற்கு வெளியே உள்ள நீர்மத்தில் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. சவ்வு கிழிந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுவே ஆபத்து, ஆபத்தை அறிவிக்கும் மணியும் அதுவே. உடனே உள்ளிருக்கும் சிறு சவ்வுப் பைகள் கிழிசலை நோக்கி விரைந்து, ஒன்றோடொன்று கூடி ஒட்டுப் போடுகின்றன. இவையாவும் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும்.

ஒட்டுப் போட்டால் மட்டும் போதுமா? சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகளாலான சட்டகமும் அறுந்து கிடக்கிறது. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில், சென்ட் ஜார்ஜி என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், 1942ஆம் ஆண்டளவில் ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. ஆக்டின் தனித்தனி மணிகளாகக் கிடக்கும். தேவை வரும்போது கோத்த மாலைபோல் இழையாகும். தேவை தீர்ந்தால் மீண்டும் மணிகளாகப் பிரியும்.

ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டையணுவில் காயம் உண்டாக்கி அறிஞர் ஆராய்ந்தனர். ஆக்டினும் மயோசின் என்னும் புரதமும் காயத்தைச் சுற்றி வளையமாகக் கூடின. பாட்டியின் சுருக்குப்பை நூலை இழுத்தால் பையின் வாய் மூடுவதுபோல், வளையம் சுருங்கிக் காயத்தை மூடியது. இதற்கு ஆணையிடுவோர் இருவர். உள்வட்டத்தில் நிற்கும் ரோ என்னும் புரதம் மயோசினைத் தூண்டி இழைகளை இழுக்கச் செய்கிறது. வெளிவட்டத்தில் நிற்கும் சிடிசி-42 என்னும் புரதம் புதிய ஆக்டின் இழைகளை வளர்க்கிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் காயம் சரிவர மூடுவதில்லை. உயிரணுவுக்கு உயிரணு முறை சிறிது வேறுபடலாம். ஆயினும் ஒட்டும் வேண்டும், ஒழுங்கான இழைகளும் வேண்டும்.

இதனை இங்கு ஏன் கூறுகிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு மாணவன் பயின்றான். ஓட்டப்பந்தயங்களில் முந்தியவன், பதினேழாம் வயதில் மாடிப்படி ஏறவே தயங்கினான். ஆசிரியராகிய நாம் "சோம்பேறி" என்று அவனைக் கடிந்துகொண்டோம். பின்னரே மருத்துவர்கள் தசைநோய் என்று கண்டறிந்தனர். கிழிசலுக்கு ஒட்டுப் போட உதவும் டிஸ்ஃபெர்லின் என்னும் புரதம் அவன் தசையில் இல்லை. அப்புரதம் இல்லாத எலிகளின் தசையணுக்கள் கிழிசலை அடைக்க இயலாமல் போவதை 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. அம்மாணவன் உழைக்க மறுக்கவில்லை. உழைப்பினால் வந்த காயம் அவனுக்கு ஆறவில்லை.

நாள் முழுதும் உழைத்த நம் முன்னோரைப் பிறர் சோம்பேறி என்று ஏசினர். அதே சொல்லை நாமே ஒரு பிள்ளையின்மீது வீசினோமே என்னும் வருத்தம் இன்றும் நீங்கவில்லை.

இந்நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் இது தோன்றும். ஆகவே நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி. அக்காள் மகள், மாமன் மகள் என்று மணம் பேசும் பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! தரையில் கையூன்றி எழத் திணறும் தோழனைக் கண்டால் ஏளனம் செய்யாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுள் சிலரேனும் உயிரியல் பயின்று, நாம் அறியாமல் செய்த பிழையை அறிவால் திருத்துங்கள்.