கல்லீரலில் படியும் கொழுப்பு: காரணமும் சிகிச்சையும்

(வெள்ளி விழாவையொட்டிப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச இம்மேடையில் என்னிலும் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். என்னை உடல்நலம் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். எதைப் பேசலாம் என எண்ணியபோது, என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மையாரின் நினைவு வந்தது. தெருமுனையில் இட்லிக் கடை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். வயது ஐம்பதை நெருங்கும். வயிற்று வலிக்கென எடுத்த ஸ்கேனில், ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதியிருந்தது. அந்தத் தாளை வீட்டில் எவருக்கும் காட்டாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். "குடிச்சது என் வீட்டுக்காரர் ஐயா. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எனக்கு எப்படி ஈரல் கெட்டுச்சு?" என்று கேட்டார். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஓர் ஊழியர், முகவரியைப் பார்த்துவிட்டு, "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டாராம். அக்கேள்வி மருத்துவத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். முகவரியைப் பார்த்துக் கேட்கலாகாது.

ஈரல் நோய் என்றாலே குடிநோய் என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அதனால் குடியாதவர் வெட்கி மறைக்கின்றனர். அல்லது தமக்கு வராது என்று கவலையற்று இருக்கின்றனர். இரண்டாலும் நோயே வளர்கிறது. குடியாதவர் ஈரலிலும் கொழுப்புப் படிந்து, அழற்சியும் தழும்பும் உண்டாவதை 1980-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்பாரும் அவர்தம் குழுவினரும் விளக்கி அதற்கொரு பெயரும் இட்டனர். 2023-இல் உலக மருத்துவர்கள் கூடி, 'மது சாரா' என்ற பழைய அடைமொழியை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்த்துப் புதுப்பெயர் வைத்துள்ளனர்.

இனி இது எவ்வாறு உண்டாகிறது எனக் காண்போம். துறைமுகத்துக் கிடங்கை அறியாதவர் இந்த அவையில் இரார். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு கிடங்கில் அடைந்து, பின் லாரியிலும் ரயிலிலும் ஏறி ஊருக்குள் போகிறது. வலப்பக்க விலாவின் கீழ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலும் அத்தகைய கிடங்கே. குடலில் செரித்த உணவின் சாரத்தில் பெரும்பகுதி முதலில் இங்குதான் வந்து சேர்கிறது. சர்க்கரையை ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜனாகச் சேமிக்க ஈரலில் இடம் உண்டு. அதற்கு மேல் வருவதில் ஒரு பகுதியை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில், வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் ஓயாமல் உருகி ஈரலுக்கே வருகிறது. வருவது மிகுந்து, வெளியேறுவது குறைந்தால் சரக்கு நடைபாதையிலும் அடுக்கப்படும் அல்லவா? ஈரல் உயிரணுக்களில் நூற்றுக்கு 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அதனை நோய் என்கிறோம். பலருக்கு அது அவ்வளவில் நின்றுவிடும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் இறுகும் சிரோசிஸ் வரை போகும். அதிலிருந்து புற்றுநோயும் தோன்றலாம். பல ஆண்டுகள் வலியோ மஞ்சள் காமாலையோ இன்றி ஓசையின்றி நடப்பதுதான் இதன் கொடுமை. இந்நோயாளிகளின் உயிரை மிகுதியும் பறிப்பது மாரடைப்பே என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

"பணக்காரர் நோய் நமக்கு ஏன்?" என்று கேட்பீர்கள். 2009-இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட 541 பேரில் 173 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 32 பேருக்கு, ஈரலில் கொழுப்பு காணப்பட்டது. அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது மேற்கு வங்கத்துக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு. மெலிந்த உடலினரான ஏழை உழைப்பாளிகள் வாழும் பகுதி அது. அங்கும் நூற்றுக்கு 8.7 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனானவர் அல்லர்.

தாய் பட்டினி கிடந்தால், கருவிலிருக்கும் பிள்ளையின் உடல் கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது முழு உண்மையாயின், நம் பாட்டிமார் கிடந்த பட்டினி நம் பேரர்களின் ஈரலில் எழுதப்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

நம் பகுதியின் வாழ்க்கையும் மாறிவிட்டது. நம் தந்தையர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர், கைவண்டி இழுத்தனர். அந்த உழைப்புக்கு ஒருபடிச் சோறும் போதாது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகு சுமந்ததைப் பாரந்தூக்கி சுமந்தது. முதுகு ஒடியும் அந்த வேலை போனதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் மகன் இன்று ஆட்டோவில் அமர்ந்திருக்கிறான்; எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிறான். இரவுக் காவலில் நாற்காலியில் கிடக்கிறான். தட்டிலுள்ள சோறு மட்டும் தந்தையின் அளவிலேயே இருக்கிறது. 1967-இல் சென்னையில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரப்பட்டதையும், 2011 முதல் நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதையும் நான் குறை கூறமாட்டேன். அவை பசியை விரட்டியவை. சோற்றின் பக்கத்தில் பருப்பும் கீரையும் இல்லாமையே குறை.

இறைச்சி தின்பதால்தான் இந்நோய் என்று நம்மைக் கண்டு சொல்வாரும் உளர். மரக்கறி மட்டும் உண்போருக்கும் இது வருகிறது. மாட்டுக்கறியாயினும் ஆட்டுக்கறியாயினும், கொழுப்பை நீக்கி அளவோடு குழம்பு வைத்து உண்பதில் தவறில்லை. காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் நல்லவை. எண்ணெயில் பொரித்தெடுப்பதுதான் ஆகாது. அதைக் காட்டிலும் தேநீரைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிறது. பாட்டில் குளிர்பானம் இதற்கு மேல்.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்கேனில் 'கிரேடு 1, 2' என்றிருப்பது கொழுப்பின் அளவையே காட்டும். தழும்பு உண்டா என்பதைக் காட்டாது. நோயாளியின் வயது, ஈரலின் இரண்டு என்சைம்கள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு மருத்துவர் ஒரு கணக்குப் போடலாம். பெருஞ்செலவில்லாத கணக்கு அது, கேட்டு வாங்குங்கள். ஐயம் எழுந்தால் மட்டும் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் சோதனை தேவைப்படும். நீரிழிவு உள்ளவர் ஒவ்வொருவரும் இதனைக் கேட்க வேண்டும். நமக்கு ஸ்டான்லி மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 பங்கு வரை குறைந்தால் அழற்சி தணியும். தழும்பும் சிலருக்குக் குறையும். 70 கிலோ உள்ளவருக்கு அது 5 முதல் 7 கிலோ. பட்டினி கிடந்து விரைவில் குறைப்பது தீமை. வாரத்துக்கு அரைக் கிலோ போதும். நாள்தோறும் அரைமணி விரைவாக நடக்க வேண்டும். ராபின்சன் பூங்காவில் ஓர் அரசியல் கட்சி 1949-இல் தோன்றிய வரலாற்றை நாம் அறிவோம். அங்கே காலையில் நடக்கவும் இடம் இருக்கிறது.

குடிப்பழக்கம் உடையவரிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: குடியினாலும் இதே கொழுப்பு படியும், இரண்டும் சேர்ந்தால் தழும்பு விரையும். தொடக்கத்திலேயே குடியை நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு கரையத் தொடங்கும்.

கீழாநெல்லியைப் பற்றிப் பெரியவர் ஒருவர் சற்று முன் கேட்டார். நம் சென்னை ஆய்வாளர்களே 1988-இல் அதனைப் பற்றி வெளிநாட்டு மருத்துவ இதழில் எழுதினர். அது ஹெபடைடிஸ்-பி கிருமியைப் பற்றியது. பின்வந்த சோதனைகள் அப்பயனை உறுதி செய்யவில்லை. ஈரல் கொழுப்புக்கு அது மருந்தன்று. 2024-லும் 2025-லும் அமெரிக்காவில் இரண்டு மருந்துகள் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றன. அவை அழற்சியோடு தழும்பும் ஓரளவு வளர்ந்தவர்களுக்கு உரியவை. மருத்துவர் மேற்பார்வையின்றித் தொடலாகாது.

இட்லிக் கடை அம்மையார் எட்டு மாதம் கழித்து வந்தார். 72 கிலோவாக இருந்தவர் 66 கிலோவாகியிருந்தார். என்சைம் அளவுகளும் இறங்கியிருந்தன. இம்முறை தாள் முந்தானையில் இல்லை, மருமகளின் கையில் இருந்தது. அந்தப் பெண்ணின் இடுப்பையும் அளந்து பார்க்கச் சொன்னார்; 84 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-க்கும் ஆண்களுக்கு 90-க்கும் மேற்போகாதிருத்தல் நலம்.

அளவு நாடா அந்த மேசையின் மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் முதலில் வரலாம்.